மூச்சிருக்கும்போதே ஒரு குழி

அத்தியாயம் 11

உள்ளங்காலைத் தேய்த்தால் கால் கட்டைவிரல் அசைந்தது. அந்த ஒரு அசைவை வைத்துக்கொண்டுதான் ஜெய்னம்பு நாளைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

ஐ.சி.யு.வுக்குள் விடுகிற நேரமெல்லாம் மகனின் கால்மாட்டில் போய் நின்றுகொள்வாள். தௌஹீதின் உள்ளங்காலை விரலால் மெல்ல வருடுவாள். கட்டைவிரல் மடங்கி நிமிரும். "கூசுதாடா உனக்கு?" என்று அவனைக் கேட்டுவிட்டு, உடனே திரும்பி நாத்தனார் ஷஹனாஸைப் பார்ப்பாள். ஷஹனாஸ் தலையை ஆட்டுவாள். வேறு என்ன செய்வாள், பாவம்! அது முதுகுத்தண்டு தானாகச் செய்கிற வேலை, மூளைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று டாக்டர் சொன்னதைப் பெற்றவள் முகத்துக்கு நேரே திருப்பிச் சொல்ல எந்த அத்தைக்காரிக்கு வாய் வரும்?

இந்தப் பிள்ளையை உங்களுக்குத் தெரியும். புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். கும்மிடிப்பூண்டி சிப்காட் வாசலில் கையுறையும் ரப்பர் பூட்ஸும் சணல் கயிறும் விற்கிற உமர் பாரூக்கின் ஒரே மகன். ஏழு வயது. கடைக்கு வருகிற தொழிலாளியின் காலைப் பார்த்தே, "உங்களுக்கு எட்டு, உங்களுக்கு ஒம்போது" என்று பூட்ஸ் அளவு சொல்கிற வாலு. காய்ச்சல் என்று படுத்தான். வலிப்பு வந்தது. கண் செருகிப் போனது. மூளைக்காய்ச்சல் என்றார்கள். கும்மிடிப்பூண்டியில் காட்டி, பொன்னேரியில் காட்டி, கடைசியில் திருவள்ளூருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து சேர்த்தார்கள். அன்றைக்கு மூடிய கண்ணை அவன் இன்றுவரை திறக்கவில்லை.

செய்தி கேட்டதும் பழவேற்காட்டிலிருந்து மாற்றுத்துணிகூட எடுக்காமல் ஓடி வந்தவள் ஷஹனாஸ். உமர் பாரூக்கின் தங்கை. அவனுக்கும் சொந்த ஊர் அதுதான். லீவு விட்டால் தௌஹீது அவள் வீட்டில்தான் கிடப்பான். அண்ணிக்குச் சோறு ஊட்டுவது, அண்ணனைக் குளிக்கத் துரத்துவது, டாக்டர் சொல்வதைக் கேட்டுக்கொள்வது எல்லாம் அவள் தலையில் விழுந்திருந்தது.

வெள்ளிக்கிழமை காலை டாக்டர் மணவாளன் மூன்று பேரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். கூடவே ஷைனியும் இருந்தாள். ஷைனி அந்த ஆஸ்பத்திரியின் கவுன்சிலர், தேர்வாய் கண்டிகைப் பக்கத்துப் பெண். பிள்ளை பிழைக்காது என்று டாக்டர்களுக்குத் தெரிந்த பிறகு பெற்றவர்களோடு உட்கார்ந்திருப்பதுதான் அவளுடைய உத்தியோகம். இப்படியும் ஒரு உத்தியோகமா என்று முதல் நாள் ஷஹனாஸுக்குக் கோபம்கூட வந்தது.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. மூளை முழுக்க வீங்கி, ரத்தம் போகிற வழியே அடைத்துவிட்டது என்றார். கண்ணில் வெளிச்சம் அடித்தால் கண்மணி சுருங்கவில்லை. மெஷினைக் கொஞ்ச நேரம் கழற்றிப் பார்த்தோம், மூச்சு எடுக்கவில்லை. இது மயக்கம் இல்லை, கோமாவும் இல்லை. ஒரு தடவை பார்த்து முடிவு சொல்ல எங்களுக்கு உரிமை கிடையாது, சாயங்காலம் மறுபடி எல்லாப் பரிசோதனையும் செய்வோம். அப்போதும் இப்படியே இருந்தால் மூளைச்சாவு என்று எழுத வேண்டி வரும்.

ஜெய்னம்பு பாதியிலேயே எழுந்து வெளியே போய்விட்டாள். உமர் பாரூக் மேஜை மேல் காகிதம் பறக்காமல் வைத்திருந்த கண்ணாடிக் குண்டையே பார்த்துக்கொண்டிருந்தான். மகனைச் சேர்த்ததிலிருந்து அவன் ஐ.சி.யு.வுக்குள் போனதே இரண்டு தடவைதான். கையில் இரும்புக் குழம்பு தெறித்து, விரல் நசுங்கி, எத்தனை பேர் அவன் கடை வாசலில் வந்து நின்றிருப்பார்கள்! துணியைச் சுற்றி ஆட்டோவில் ஏற்றிக் கூடவே போகிறவன் அவன். சொந்தப் பிள்ளை வாயில் குழாய் செருகியிருப்பதைப் பார்க்க மட்டும் அவனுக்குத் திராணி இல்லை.

ஆக, டாக்டர் சொன்னதை முழுசாகக் கேட்டவள் ஷஹனாஸ் ஒருத்திதான். வெளியே வந்தாள், மாடிப்படி ஓரமாக நின்று புருஷன் பைசலுக்குப் போன் போட்டாள். கேட்டது கேட்டபடி சொன்னாள். அழுதாள். அவனும் அந்தப் பக்கம் அழுதான்.

பைசல் கெட்டவன் இல்லை. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்களும் அவனைத் திட்டத் தொடங்கிவிடுவீர்கள். பழவேற்காட்டில் நண்டும் இறாலும் ஏற்றி அனுப்புகிற வியாபாரம் அவனுக்கு. ஊரில் யார் வீட்டில் நல்லது கெட்டது என்றாலும் பந்தக்கால் பிடிப்பது முதல் மய்யித்து வைத்த சந்தூக்குப் பெட்டியைத் தூக்குவது வரை முன்னால் நிற்பவன். அப்படி நின்று பழகியவனுக்குக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கத் தெரியாது. அவனுடைய குற்றம் அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமையில் மவுத் ஆகி, அன்றைக்கே மண்ணுக்குள் அடங்கினால் கபுருக்குழியில் கேள்வி கணக்கு கிடையாது, அது பெரிய பாக்கியம் என்று அந்த ஊரில் எல்லாரும் நம்புவார்கள். பொழுது சாய்ந்து மஃரிப் ஆனால் நாள் மாறிவிடும். பைசல் மனசுக்குள் கணக்குப் போட்டான். சாயங்காலம் டாக்டர் எழுதிக் கொடுப்பார், பிள்ளையைக் கொண்டு வர நேரமாகும், அதற்கப்புறம் குழி வெட்டத் தொடங்கினால் வெள்ளி போய்விடும். பழவேற்காட்டு மண் வேறு வெறும் மணல், இடுப்பளவு தோண்டுவதற்குள் தண்ணீர் ஊறும், ஓரம் சரியும். பிள்ளைக்குச் செய்ய வேறொன்றும் இல்லாத மனுஷன், இதையாவது செய்வோம் என்று ஜும்மாவுக்கு முன்னாலேயே பள்ளிவாசலுக்குப் போய்க் குழி வெட்டச் சொல்லிவிட்டான்.

குழி வெட்டச் சொன்னால் யாருக்கு என்று கேட்பார்களா, மாட்டார்களா? பெயரைச் சொன்னான். பள்ளிவாசலில் ஒரு பெயருக்குக் குழி வெட்டினால் அந்தப் பெயர் மைக்கில் வந்தாக வேண்டும். அதுதான் வழக்கம். ஜும்மா தொழுகை முடிந்து ஊர் முழுக்க உள்ளே உட்கார்ந்திருந்த நேரம், பாங்கு சொல்கிற மோதினார் மைக்கைப் பிடித்து, உமர் பாரூக்கின் மகன் தௌஹீது மவுத்தாகிவிட்டதாகவும், மாலையில் நல்லடக்கம் என்றும் அறிவித்துவிட்டார்.

இங்கே தௌஹீதின் நெஞ்சு ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரி நடையில் முதலில் உமர் பாரூக்கின் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தான். கேட்டான். அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனான். டீ குடிக்கப் போகிறார் போலிருக்கிறது, குடிக்கட்டும் என்று ஷஹனாஸ் விட்டுவிட்டாள்.

அடுத்து அடித்தது ஜெய்னம்புவின் போன். பொன்னேரியிலிருந்து அவளுடைய சாச்சி. அம்மாவின் தங்கை, அவளைத் தூக்கி வளர்த்தவள். எடுத்ததும் அந்தப் பக்கம் அழுகை. ஜெய்னம்பு கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு போனைக் காதிலிருந்து எடுத்து, கடித்துவிடும் போல அதைப் பார்த்து, ஷஹனாஸிடம் நீட்டினாள்.

"புள்ளையக் குளிப்பாட்டியாச்சா, ஜெய்னு?" என்று சாச்சி கேட்டுக்கொண்டிருந்தாள். "எப்போம்மா எடுத்துக்கினு வர்றீங்க?"

ஷஹனாஸ் அந்தப் போனை அணைத்தாள். அவள் வாயிலிருந்து போன வார்த்தை எந்த வழியாகச் சுற்றி எங்கே வந்து நிற்கிறது! பைசலைக் கூப்பிட்டாள். அவன் மென்று விழுங்கினான். குழிக்கு மட்டும்தான் சொன்னேன், மைக்கில் சொல்லச் சொல்லவில்லை, நானும் பள்ளியில்தான் உட்கார்ந்திருந்தேன், எழுந்து ஓடுவதற்குள் சொல்லி முடித்துவிட்டார் என்றான். இன்றைக்கு வெள்ளிக்கிழமையாச்சே என்றான்.

ஜெய்னம்பு கையை நீட்டிப் போனை வாங்கினாள். சத்தமே போடவில்லை.

"பச்சப் புள்ளைக்கு எதுக்கு தம்பி வெள்ளிக்கெழம? கேள்வி கணக்கு இருக்குற நாமதான் நாளு பாக்கணும். எம்புள்ள இன்னா பண்ணான்?"

போனை ஷஹனாஸின் மடியில் போட்டுவிட்டு நேரே ஐ.சி.யு. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பார்க்கும் நேரம் இல்லை என்று நர்ஸ் தடுத்தாள். ஜெய்னம்பு அவளைத் தாண்டிப் போய்க் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஊரே சேர்ந்து எம்புள்ளையைச் செத்துட்டான்றாங்க, நீங்களே பாருங்க, மூச்சு உடறான், பாருங்க என்று ஒவ்வொரு கட்டிலுக்கும் கேட்கும்படி சொன்னாள். பக்கத்துக் கட்டில் பிள்ளையின் தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கு அவள் பயம்.

ஷைனி வந்தாள். வெளியே வாங்க என்று கூப்பிடவில்லை. கட்டிலுக்கு இந்தப் பக்கம் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ஜெய்னம்பு நின்றாள், நின்றாள், கால் ஓய்ந்து அவளும் கீழே உட்கார்ந்தாள். ஷஹனாஸ் கதவோரமாகவே நின்றாள். உள்ளே வர அவளுக்கு முகம் இல்லை.

ஊர்ல சொன்னது தப்புக்கா, அது பெரிய தப்பு என்றாள் ஷைனி. இன்னும் யாரும் அப்படிச் சொல்லலை, டாக்டரே சொல்லலை, சாயங்காலம் பார்த்துவிட்டுத்தான் சொல்வார். ஜெய்னம்புவின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைப் பார்த்த ஷைனி அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நல்ல மனசுக்காரர்கள் பலபேர் அப்படித்தான் நிறுத்திவிடுவார்கள். அவள் நிறுத்தவில்லை.

"ஆனா உங்ககிட்ட நான் பொய் சொல்லமாட்டேன்க்கா. இப்போ அவன் உடற மூச்சு மெஷினோட மூச்சு. அவனுது இல்ல."

"நீ பாத்தியா?"

"காலையில பாத்தேன்."

"நான் பாக்கல." ஜெய்னம்பு சேலைத் தலைப்பை இழுத்து முகத்தைத் துடைத்தாள். "பெத்தவ நான் பாக்கல. ஊர்ல ஒருத்தரும் பாக்கல. பாக்காமயே குழி வெட்டிட்டாங்க. எனக்குக் காட்டு. அந்த மெஷின எடுத்துட்டு எனக்குக் காட்டு. அவன் உடலன்னா நான் ஒத்துக்கறேன்."

ஷைனி எழுந்து டாக்டர் அறைக்குப் போனாள். அங்கே நடந்த வாக்குவாதம் நடை வரைக்கும் கேட்டது. தலைமை நர்ஸ் கூடவே கூடாது என்றார். பெற்ற தாயை நிறுத்தி வைத்து இதைக் காட்டுவார்களா, மயங்கி விழுந்தால், மெஷினில் கை வைத்தால் யார் பதில் சொல்வது? டாக்டர் மணவாளனும் முதலில் தயங்கினார். அந்த அம்மாவுக்கு இனிமேல் யார் சொல்வதிலும் நம்பிக்கை இல்லை சார், தன் கண்ணை மட்டும்தான் நம்புவாள் என்றாள் ஷைனி. கடைசியில், கூட ஒரு சொந்தக்காரர் நிற்க வேண்டும், போதும் என்று அவள் சொன்ன நிமிஷம் வெளியே அழைத்துப் போய்விட வேண்டும் என்று சொல்லிச் சம்மதித்தார்.

கூட நிற்க வேண்டியது யார்? ஷஹனாஸ்தான். அண்ணனைத் தேடினாள், காணோம். போன் போட்டாள், அணைத்து வைத்திருந்தான்.

அதற்குள் பைசலிடமிருந்து போன் மேல் போன். ஜமாஅத்துப் பெரியவர்கள் அவனைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வெட்டிய குழியை வெறுமனே விடக்கூடாது, அது ஊருக்கு ஆகாது, மூடுவதா வைப்பதா சொல்லு என்று கேட்கிறார்களாம். தண்ணீர் வேறு ஊறுகிறதாம், இப்போதைக்குப் பலகை போட்டு வைத்திருக்கிறார்களாம். ஷஹனாஸுக்கு வந்த ஆத்திரத்தில், இதை என்னிடம் கேட்காதீர்கள் என்று வைத்துவிட்டாள். கட்டிய புருஷனிடம் அவள் அப்படிப் பேசியது இதுதான் முதல் தடவை.

எனக்குப் பயமாக இருக்கிறது, என்னால் அந்தப் பிள்ளையைப் பார்க்க முடியாது என்று ஷைனியிடம் சொன்னாள். நீங்கள் அவனைப் பார்க்க வேண்டாம், உங்கள் அண்ணியைப் பார்த்துக்கொண்டிருங்கள், அதற்குத்தான் நீங்கள் என்றாள் ஷைனி.

சாயங்காலம் திரையை இழுத்து மூடினார்கள். டாக்டர் மணவாளனும் இன்னொரு டாக்டரும் வந்தார்கள். ஜெய்னம்புவைத் தலைமாட்டில் நிறுத்தினார்கள். டாக்டர் ஒவ்வொன்றையும் செய்வதற்கு முன்னால் அவளிடம் சொல்லிவிட்டுச் செய்தார். இப்போ கண்ல டார்ச் அடிக்கிறேன்மா. இப்போ கண்ல பஞ்சு வைக்கிறேன், நமக்குன்னா இமை கொட்டும். இப்போ காதுல சில்லுனு தண்ணி விடறேன். இப்போ புருவத்த அழுத்தறேன், நல்லா வலிக்கற மாதிரி அழுத்தணும், கோச்சுக்காதீங்க.

வலிக்குமாம் என்று கேட்டதும் ஜெய்னம்புவின் முகம்தான் சுருங்கியது. தௌஹீதின் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. காய்ச்சல் ஊசி போட்டால் ஆஸ்பத்திரியையே கூட்டுகிற பிள்ளை அது.

"இப்போ மெஷினக் கழட்டறேன். ஆக்சிஜன் மட்டும் உள்ள போவும். மூச்ச இழுக்குற வேல அவனுது. நெஞ்சப் பாருங்க."

மெஷினின் சத்தம் நின்றது. இத்தனை நாளாக நிற்காமல் கேட்டுக் கேட்டு அப்படியொரு சத்தம் இருப்பதே மறந்து போயிருந்தது. நின்றதும்தான் தெரிந்தது.

ஷைனி சொன்னபடி ஷஹனாஸ் அண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெய்னம்பு மகனின் சட்டையில்லாத நெஞ்சில் கண்ணை வைத்திருந்தாள். அவள் உதடு மட்டும் அசைந்தது. உடுடா. மூச்சு உடுடா என் ராஜா. ஒரே ஒருவாட்டி உடு, இவங்க எல்லாரையும் நான் பாத்துக்கறேன். வாப்பா வெளிய நிக்கறாருடா, உடு.

வாப்பா வெளியே நிற்கவில்லை என்பது அவளுக்குத் தெரியாது.

கொஞ்ச நேரம் கழித்து அந்த உதடும் நின்றுவிட்டது. அப்போதுதான் ஷஹனாஸ் கவனித்தாள். ஜெய்னம்புவும் மூச்சு விடவில்லை. கழுத்து நரம்பு புடைத்து, முகம் கறுத்து, கட்டில் கம்பியைப் பிடித்த விரல்கள் வெளுத்துப் போய் நின்றாள். மகன் விட்டால்தான் நானும் விடுவேன் என்கிற பிடிவாதம். "அண்ணி" என்று தோளை உலுக்கினாள் ஷஹனாஸ். உலுக்கிய பிறகுதான் அவளுக்குள்ளிருந்து காற்று பீறிட்டு வந்தது. வாயைத் திறந்து இழுத்து இழுத்து மூச்சு வாங்கினாள்.

அவளால் அடக்க முடியவில்லை. அவள் மகனுக்கு அடக்குவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. தௌஹீதின் நெஞ்சு இறங்கியது இறங்கியபடியே கிடந்தது.

டாக்டர் ரத்தம் எடுத்து அனுப்பினார், முடிவு வரும்வரை பார்த்தார், பிறகு மெஷினைத் திரும்ப மாட்டினார். நெஞ்சு ஏறி இறங்கத் தொடங்கியது. இந்தத் தடவை ஜெய்னம்பு அதைப் பார்த்துச் சந்தோஷப்படவில்லை. யாரோ ஊதுகிற பலூனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"எப்போ போனான்?" என்று கேட்டாள்.

காலையிலேயே இப்படித்தான் இருந்தது என்றார் டாக்டர். நேற்று இரவாகவும் இருக்கலாம், சரியாகச் சொல்ல முடியாது. ஜெய்னம்பு ஷைனி பக்கம் திரும்பினாள்.

"நேத்து ராத்திரி இவன்கிட்ட நெறைய பேசினேன். அடிச்சதுக்கெல்லாம் மன்னாப்பு கேட்டேன். கேட்டிருப்பானா?"

ஷைனிக்குக் கண் நிறைந்துவிட்டது. "தெரியலக்கா. எனக்கு நெஜமா தெரியல" என்றாள்.

கேட்டிருப்பான் என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துபோகும் என்று ஷஹனாஸுக்குத் தோன்றியது. ஜெய்னம்பு மட்டும் தலையை ஆட்டிக்கொண்டாள். அன்றைக்குத் தன்னிடம் பொய் சொல்லாத ஒரே ஆள் இவள்தான் என்று நினைத்தாளோ என்னவோ, ஷைனியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் இன்னும் ஒன்று சொன்னார். இதயம் அதன் போக்கில் கொஞ்ச நேரம் துடிக்கும், மத்தியானத்திலிருந்தே ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டு வருகிறது, இரவைத் தாண்டுவது சந்தேகம். நீங்க ரெண்டு பேரும் சொல்லாம நான் எதையும் நிறுத்தமாட்டேன்மா, அவங்க அப்பாவ வரச் சொல்லுங்க என்றார்.

நர்ஸ்கள் குழாய்களை ஒதுக்கி வைத்துக் கட்டிலில் இடம் பண்ணிக் கொடுத்தார்கள். ஜெய்னம்பு ஏறி உட்கார்ந்து மகனின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். குனிந்து, அவன் காதில் வாயை வைத்துக் கலிமாவைச் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு மறுபடி சொன்னாள். அந்த உடம்பு சூடாக இருந்தது. அதுதான் எல்லாவற்றையும்விடக் கொடுமை. தூங்குகிற பிள்ளையின் சூடு.

"அவரக் கூப்புடு, ஷஹனாஸ். வந்து ஒருவாட்டி மடியில வெச்சிக்கட்டும். சூடு ஆறிட்டா அப்புறம் எப்பவும் கெடைக்காது."

ஷஹனாஸ் ஆஸ்பத்திரி முழுக்க அலைந்தாள். டீக்கடை, மருந்துக்கடை, சைக்கிள் ஸ்டாண்டு, பின்னால் வேப்பமரத்தடி, எங்கேயும் இல்லை. மத்தியானமே ரோட்டைத் தாண்டி பஸ் ஏறினாரே என்றான் வாசல் காவல்காரன். அவள் கையிலிருந்த போன் அடித்தது. பைசல்.

அவன் குரலே சரியில்லை. மச்சான் இங்கே இருக்கிறார் என்றான். பஸ்ஸை விட்டு இறங்கி யாரிடமும் பேசாமல் நேராகக் கபுருஸ்தானுக்கு வந்திருக்கிறார். பலகையை இழுத்து எறிந்துவிட்டு, மண்வெட்டியை எடுத்துத் தான் ஒருத்தனாகவே மணலைத் தள்ளிக் குழியை மூடிவிட்டார். தடுக்கப் போன இரண்டு பேரை வெட்ட ஓங்கிவிட்டாராம். மண்வெட்டியைப் பிடுங்கி ஒளித்து வைத்துவிட்டோம், இப்போது மூடின குழி மேலேயே உட்கார்ந்திருக்கிறார், எழுப்ப முடியவில்லை, நீ பேசிப் பார் என்றான்.

ஷஹனாஸ் ஓடி வந்து அண்ணியிடம் சொன்னாள். ஜெய்னம்பு ஒரு கையால் மகனின் தலையை அணைத்துக்கொண்டு மறு கையால் போனை வாங்கினாள். ஷைனி ஸ்பீக்கரைப் போட்டுக் கொடுத்தாள்.

"இன்னாங்க."

அந்தப் பக்கம் பைசல் போனை மச்சானின் காதில் வைத்தான். பிறகு உமர் பாரூக்கின் குரல் வந்தது. ஏதோ பெரிய வேலையை முடித்துவிட்டு வந்தவன்போல மூச்சு வாங்கினான்.

"மூடிட்டேன் ஜெய்னம்பு. நல்லா மிதிச்சு மூடிட்டேன். இனிமே ஒருத்தனும் எம்புள்ளைக்குக் குழி வெச்சிருக்கேன்னு சொல்லமுடியாது. நீ பயப்படாத."

ஜெய்னம்பு கண்ணை மூடிக்கொண்டாள். மத்தியானம் இந்த வார்த்தை வந்திருந்தால் அவனைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பாள். இத்தனை நாளில் அவள் பக்கம் நின்று ஒருத்தர் பேசியது இதுதான்.

"நான் பாத்தேங்க" என்றாள். "மெஷின எடுத்தாங்க. நெஞ்சையே பாத்துக்கினு இருந்தேன். உடலங்க. நம்ம புள்ள மூச்சு உடல."

"பொய் சொல்றாங்க."

"நான் சொல்றேன். நான் பொய் சொல்வேனா?"

திரைக்கு வெளியே நர்ஸ் ஷைனியைக் கூப்பிட்டு மெல்ல ஏதோ சொன்னாள். ஷைனி மானிட்டரைப் பார்த்தாள். ஷஹனாஸும் பார்த்தாள். எண்கள் குறைந்துகொண்டு வந்தன. பழவேற்காட்டிலிருந்து இங்கே வந்து சேர இரண்டரை மணி நேரமாவது ஆகும். அதை யாரும் ஜெய்னம்புவுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மகனின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அவள் மறுபடி பேசினாள். குரலில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை.

"கெளம்பி வாங்கன்னுதான் சொல்ல வந்தேன். வந்தாலும் நேரம் இருக்குமோ இருக்காதோ. உங்களால இவனப் பாக்க முடியாது, எனக்குத் தெரியும். பரவால்ல. நான் இருக்கேன் இவன்கூட. ஆனா நீங்க மூடுனத நீங்களே தோண்டுங்க. கூலிக்குத் தோண்ட வாணாம். ஊருக்காரங்க தோண்ட வாணாம். எம்புள்ளைக்கு அவன் வாப்பா தோண்டட்டும்."

அந்தப் பக்கம் போன் கீழே விழுந்த சத்தம் கேட்டது. காற்று இரைந்தது. யார் யாரோ ஓடினார்கள். ஒரு ஆண்பிள்ளை தொண்டை கிழிய அழுவது கேட்டது. தன் அண்ணன் அழுது ஷஹனாஸ் இதுவரை கேட்டதில்லை என்பதால் அது அவன்தான் என்று அவளுக்கு உடனே பிடிபடவில்லை.

கொஞ்ச நேரத்தில் பைசல் போனை எடுத்தான்.

"அக்கா, மச்சான் மம்முட்டியக் கேக்கறாரு. கண்ணெல்லாம் ஒரு மாதிரி இருக்கு. எதுக்குக் கேக்கறாருன்னு தெரியல. எனக்குப் பயமா இருக்குது அக்கா. குடுக்கவா?"

வேண்டாம் அண்ணி என்று ஷஹனாஸ் தலையை ஆட்டினாள்.

ஜெய்னம்பு அவளைப் பார்த்தாள். மடியில் கிடந்த மகனைப் பார்த்தாள்.

"குடுங்க தம்பி" என்றாள்.